சுரண்டைக் குடை

ஆனி பிறந்து சாரல் இறங்கிவிட்டால் தென்காசித் தெருவில் குடை இல்லாமல் போகிறவர்கள் இரண்டே ரகம். ஒன்று, அருவியில் குளிக்க வந்த வெளியூர்க்காரர்கள். இன்னொன்று, என் வீட்டுக்காரர். மனிதர் சொட்டச் சொட்ட நனைந்து வந்து, துண்டைத் தேடாமல் நேரே அடுக்களைக்குள் நுழைந்து, சூடாக என்ன இருக்கிறது என்று பாத்திரம் பாத்திரமாகத் திறந்து பார்ப்பார். அவருடைய அம்மா சத்தம் போட்டால், எப்படியும் அருவிக்குப் போய் நனையத்தானே போகிறோம், வழியிலேயே நனைந்தால் என்ன என்று கேட்பார். அப்படிப்பட்டவர் பட்டாளத்தில் சேர்ந்து, அங்கேயும் தரையில் நடக்கிற வேலை பிடிக்காமல், ஏரோப்பிளேனில் இருந்து குடையோடு குதிக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

பாராசூட் என்ற சொல் அப்போது எங்கள் தெருவில் யார் வாயிலும் நுழையவில்லை. குடை என்றுதான் சொன்னோம். பால் ஊற்ற வருகிறவள்கூட, ‘சின்னவுக குடையில குதிக்காகளாமே’ என்று விசாரித்துவிட்டுத்தான் செம்பை எடுப்பாள்.

முறைக்கு நான் அவருக்கு மாமன் மகள். இலஞ்சியில் பிறந்தவள். என் அப்பாவின் அக்காதான் என் மாமியார். ஆகவே பேசத் தெரிந்த நாளில் இருந்து எனக்கு அவள் அத்தை. கல்யாணம் ஆனபிறகு புதிதாகப் பழகிக்கொள்ள அவளுடைய கோபத்தைத் தவிர வேறு ஒன்றும் இருக்கவில்லை. மாமா காலமாகி வெகு காலம் ஆகியிருந்தது. வயலையும் தோப்பையும் அத்தையே நின்று பார்த்து இரண்டு மகன்களையும் ஆளாக்கினாள். மூத்தவர் நிலத்தைக் கவனித்துக்கொண்டார். அவரைப் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். இளையவர் பி.ஏ. முடித்துவிட்டு, வேலை தேடுகிறேன் பேர்வழி என்று அருவி அருவியாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அவரைப் பிடித்து என் தலையில் கட்டினார்கள். கட்டின மறுவருஷம் பட்டாளத்து ஆபீசராகிவிட்டார்.

வெள்ளைக்காரன் சண்டைக்கு நம்ம ஊர்ப் பையன் எதற்குப் போகவேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. கதர் கட்டின என் சின்ன மாமா ஒருவர் யாரோ வீட்டுக் கல்யாணப் பந்தியிலேயே கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. தனியாக இருக்கும்போது கேட்டேன். தான் சும்மா இருந்து சும்மா இருந்து அலுத்துப் போயிற்று என்றும், கூட வேலை செய்யும் பையன்கள் நம்ம பையன்கள்தான், அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வர ஓர் ஆள் வேண்டாமா என்றும் சொன்னார். அது முழுப் பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். அதற்குமேல் நான் கிண்டவில்லை.

அவர் தனக்கு ஒரு வேலை தேடிக்கொண்டதோடு நிற்காமல் எனக்கும் ஒன்று பார்த்து வைத்தார். நான் எட்டாம் வகுப்பு பாஸ். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அதற்குமேல் படிப்பு என்றால் பாளையங்கோட்டைக்குப் போய் வாத்தியார் டிரெய்னிங் படிப்பதுதான். அதுவும் அங்கேயே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கவேண்டும். எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் அப்படிப் போனதில்லை.

“நான் சண்டையில இருந்து வாற வரைக்கும் நீ புளி உடைச்சுக்கிட்டே இருக்கப் போறியா?” என்றார்.

உடைக்கிற புளியில் எனக்கு ஒன்றும் வெறுப்பில்லை. ஆனால் கரும்பலகையில் எழுதிப் பார்க்க ஆசை இருந்தது. சின்ன வயதில் கொல்லைச் சுவரில் கரியால் எழுதி, மாட்டுக் கன்றுகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். பாளையங்கோட்டைக்கு இடம் கேட்டு எழுதிப் போட்டோம். அடுத்த ஆனியில் வந்து சேரலாம் என்று பதில் வந்தது. பெரியத்தானுக்குப் பிடிக்கவில்லை. தம்பியின் பேச்சுக்கு மறுப்புச் சொல்ல மனம் வராமல் சும்மா இருந்தார். அத்தை, சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் அப்படித்தான்.

ஆடி மாதம் அவருக்கு லீவு கிடைத்தது. குதிக்கிற பயிற்சியெல்லாம் முடித்து, சட்டைக் கையில் சிறகுச் சின்னம் தைத்துக்கொண்டு வந்திருந்தார். தெருவே வந்து அந்தச் சிறகைத் தொட்டுப் பார்த்தது. எப்படிக் குதிப்பாய் என்று எல்லோரும் கேட்டுக் குடைந்ததில், ஒரு நாள் காலையில் பெரிய கைக்குட்டை இரண்டை எடுத்து, நான்கு முனையிலும் நூல் கட்டி, அடியில் ஆளுக்குப் பதிலாக ஒவ்வொரு கத்தரிக்காயைக் கட்டினார். மாடிக்குப் போய் முற்றத்தைப் பார்த்து ஒன்றை வீசினார். அது விரியவில்லை. கத்தரிக்காய் கைக்குட்டையோடு சுருண்டு, கழுநீர்த் தொட்டியில் போய் விழுந்தது. இரண்டாவது அழகாக விரிந்தது. காற்றில் ஆடி ஆடி, அவசரமே இல்லாமல் இறங்கி, துளசி மாடத்துப் பக்கம் உட்கார்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அத்தை மட்டும் கழுநீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் என்னையும் கூப்பிட்டுக்கொண்டு சுரண்டைக்குப் புறப்பட்டாள். எதற்கு என்று சொல்லவில்லை. அப்போதெல்லாம் பெட்ரோல் கிடையாது, பஸ் கரியில் ஓடும். மேடு வந்தால் நாங்கள் இறங்கி நடப்போம், பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வரும். சுரண்டையில் கடைத்தெருவில் ஒரு குடைக்கடை. அத்தை ஒவ்வொரு குடையாக வாங்கி விரித்தாள், மடக்கினாள், மறுபடி விரித்தாள். கம்பியைப் பிடித்து உலுக்கினாள். கடைக்காரர் பொறுமையான மனிதர், இருந்தாலும் அவருக்கும் ஓர் அளவு உண்டல்லவா? வெயிலுக்கா மழைக்கா என்று கேட்டார்.

“ரெண்டுக்கும் இல்ல அண்ணாச்சி. எம் மவன் ஆகாசத்துல இருந்து குதிக்கான். நல்லா விரியணும்” என்றாள் அத்தை.

எனக்கு எங்கே ஓடி ஒளிவது என்று தெரியவில்லை. கடைக்காரர் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அந்த விஷயத்தை நன்றாக யோசித்தார். வெளியே மாட்டியிருந்ததை எல்லாம் ஒதுக்கிவிட்டு, உள்ளே இருந்து கட்டைப் பிடியும் தடித்த கம்பியும் கனத்த துணியுமாக ஒரு கறுப்புக் குடையை எடுத்து வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைப் பலகைமேல் ஏறி, குடையை விரித்துப் பிடித்து, எங்கள் முன்னால் தெருவில் குதித்தும் காட்டினார். வயதான மனிதர். கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். ஆனால் குடைக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தைக்குத் திருப்தி.

வீட்டுக்கு வந்து மகன் கையில் குடையைக் கொடுத்தாள். இப்போது வீடே சிரிக்கப் போகிறது என்று நான் நினைத்தேன். அவரும் சிரிக்கவில்லை. விரித்துப் பார்த்தார். கம்பியை எண்ணுவதுபோல விரலால் தடவினார். நல்ல குடை என்றார். பிறகு சொன்னார்:

“சர்க்கார் குடையத்தான் கட்டிக்கிட்டுக் குதிக்கணும்னு சட்டம்மா. இது வீட்டுலயே இருக்கட்டும். நான் சண்டை முடிஞ்சு வாற அன்னைக்கு இவ இத எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்கு வரட்டும். அன்னைக்கு ஒரு நாளாவது நனையாம வீட்டுக்கு வாறேன்.”

அத்தை அரை மனதாகக் குடையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். என்னிடம் கொடுத்து, துணியில் சுற்றி வைக்கச் சொன்னாள். அதை என் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன்.

லீவு முடியும் முன்பு அவரும் அத்தையும் நானுமாக ஐந்தருவிக்குப் போனோம். அவர் வழக்கம்போல நடுவே போய் நின்றுகொண்டு, வா வா என்று கையாட்டினார். குளித்துவிட்டு வந்து ஈரத்தோடு பாறையில் உட்கார்ந்திருக்கையில், குதிக்கும்போது எப்படி இருக்கும் என்று கேட்டேன். முதலில் காது கிழிகிற சத்தம், குடை விரிந்ததும் சட்டென்று ஒரு சத்தமும் இருக்காது என்றார். “அருவிக்குள்ள நின்னுக்கிட்டு இருந்துட்டு தலைய வெளிய எடுப்போம்லா, அப்ப ஒரு நிம்மதி வருமே, அதேதான்” என்றார். இன்றைக்கும் அருவியில் இருந்து தலையை வெளியே எடுக்கிறபோதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

அதுதான் அவர் கடைசியாக வந்தது.

சித்திரையில் ஒரு தந்தி வந்தது. மணிப்பூர் மலைப்பக்கம் நடந்த சண்டையில் அவரைக் காணவில்லை என்று. காணவில்லை என்றால் எங்கேயோ இருக்கிறார் என்றுதானே அர்த்தம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். வைகாசி கடைசியில் இரண்டாவது தந்தி வந்து என் பிடிவாதத்தை முடித்து வைத்தது. எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. அழுகை பிறகுதான். ஊரில் இத்தனை பேர் தரையில் நடந்து பிழைக்கவில்லையா, உனக்கு மட்டும் என்ன என்று மனசுக்குள் அவரிடம் சண்டை போட்டேன். அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

தந்தியில் எப்படி இறந்தார் என்று இல்லை. அதனால் ஊர் ஒரு காரணம் கண்டுபிடித்தது. குடை விரியவில்லை. துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரும் இதைத்தான் சொன்னார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. குதிக்கிறவன் செத்தால் குடை விரியாமல்தானே சாக முடியும், அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பெரியத்தானும் நம்பினார். நானுமே நம்பினேன்.

அத்தை முழுக்க முழுக்க நம்பினாள். நடு அறையில் சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. வீட்டையும் வயலையும் விரட்டி வேலை வாங்கினவள் சோறு என்றால் தலையை ஆட்டிவிடுவாள், கொஞ்சம் கஞ்சித் தண்ணீர்தான் இறங்கிற்று. கேட்டால் ஒரே பேச்சு.

“நான் பாத்துப் பாத்து வாங்கின குடை பெட்டிக்குப் பின்னால கெடக்கு. சட்டம் கிட்டம்னு அவன் சொன்னதக் கேட்டுக்கிட்டு நான் சும்மா இருந்துட்டேனே.”

இதற்கு நடுவில்தான் என்னுடைய கதையும் இருந்தது. பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடம் திறக்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. போக முடியுமா என்று பெரியத்தானிடம் ஆள் விட்டுக் கேட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஊர் என்ன சொல்லும் என்பதைச் சோற்றுக்கு உப்பு மாதிரி எல்லாவற்றிலும் போட்டுப் பார்க்கிற மனிதர். நம்ம வீட்டில் தாலி அறுத்த பெண் வருஷம் திரும்பும் முன்னால் தெருப்படி தாண்டினதில்லை, ஒரு வருஷம் போகட்டும், பிறகு பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினார். ஒரு வருஷம் போனால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். பிறகு பார்ப்பது என்பது பார்க்கவே போவதில்லை என்பதற்கு மரியாதையான பேர். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். என் அப்பாவைக் கேட்டால், அக்கா சொல்வதுதான் தனக்கும் என்றார். அத்தை ஒரு வார்த்தை சொன்னால் பெரியத்தான் தட்டமாட்டார். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வேண்டியிருந்தது. அத்தையோ சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் ஒரு பகலில், வாசலில் ஜட்கா வண்டி வந்து நின்றது. பட்டாளத்துக் கால்சட்டையோடு, ஒரு கையில் கம்பு ஊன்றிக்கொண்டு ஓர் ஆள் இறங்கினார். வலது கால் மடங்கவில்லை. புனலூர்க்காரர். வடக்கே ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்துவிட்டுக் கொல்லம் ரயிலில் வீட்டுக்குப் போகிறவர், போகிற வழியில் தென்காசியில் இறங்கியிருக்கிறார். என் வீட்டுக்காரரின் கீழே ஒயர்லெஸ் பெட்டி தூக்கினவர். பெரியத்தான் அவரை உட்காரவைத்தார். குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் வேண்டும் என்றார். செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் தண்ணீரை அப்படித்தான் சொல்வார்கள், எங்களுக்குப் பழக்கம்தான். நான் கதவுக்குப் பின்னால் நின்று செம்பை நீட்டினேன். அவர் அதை உடனே குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

அவர் பேசத் தொடங்கும் முன்பே அத்தை எழுந்து வந்துவிட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு எழுந்து வருகிறாள், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்தவரைச் சாப்பிட்டாயா, யார் எவர் என்று எதுவும் கேட்கவில்லை.

“அவன் குடை விரியலையா?” என்றாள்.

அந்த மனிதருக்கு முதலில் புரியவில்லை. பெரியத்தான் கையைக் காட்டிப் புரியவைத்தார். அவர் கம்பை ஊன்றி எழுந்து நின்றுவிட்டார்.

“அம்மே, அங்கே நாங்க ஆரும் சாடவே இல்ல, குதிக்கவே இல்ல. லாரியில கொண்டுபோயி எறக்கிவிட்டாங்க. பின்னே நடந்துதான் மலை ஏறினது. ஸார் தரையில நின்னுதான் போனாரு.”

பிறகு மெதுவாக எல்லாம் சொன்னார். அவர் பாதி மலையாளத்தில் சொன்னதை நான் என் தமிழில் எழுதுகிறேன். குதிக்கிற பட்டாளமாக இருந்தாலும் எதிரி திடீரென்று வந்துவிட்டதால் நடக்கிற பட்டாளமாகவே இவர்களை அந்த மலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். மலை உச்சியில் சின்ன ஊர் ஒன்று. சுற்றிலும் எதிரி. பின்வாங்கினால் பின்னால் இருக்கிற பட்டாளம் தயாராக நேரம் இருக்காது, அதனால் பிடித்து நிற்கவேண்டும். குண்டுகூட இருந்ததாம், தண்ணீர்தான் இல்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற தாகம். ஏரோப்பிளேன்கள் தண்ணீரையும் மருந்தையும் தகர டப்பாக்களில் அடைத்து, பாராசூட்டில் கட்டிப் போட்டன. காற்று அதையெல்லாம் எதிரியின் பக்கமே தள்ளிக்கொண்டு போயிற்று.

அந்தத் தாகத்தில் என் வீட்டுக்காரர் என்ன செய்திருக்கிறார் தெரியுமா? சாயங்காலம் ஆனால் பதுங்கு குழியில் உட்கார்ந்துகொண்டு பையன்களுக்குக் குற்றாலத்து அருவியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். தண்ணீர் எப்படித் தலையில் அறையும், காது எப்படி அடைத்துப் போகும், குளித்துவிட்டு வந்தால் பசி எப்படிக் கிள்ளும் என்று ஒன்று விடாமல். போதும் ஸார் என்று சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்களாம். வேறு சிலர், இன்னும் சொல்லுங்கள் என்றார்களாம். புனலூர்க்காரர் இன்னும் சொல்லுங்கள் கட்சி.

பிறகு ஒரு நாள் மத்தியானம் ஒரு டப்பா மட்டும் காற்றுக்குத் தப்பி நேரே வந்தது. முகாமுக்கு வெளியே, கொஞ்சம் கீழே இறங்கிற்று. அடிபட்டுக் கிடந்தவர்கள் குழியில் வரிசையாகக் கிடந்தார்கள். இந்தப் புனலூர்க்காரரும் அதில் ஒருவர். அவர் காலில் குண்டு பட்டது முந்தின நாள். என் வீட்டுக்காரர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் டப்பாவை இழுத்து வந்துவிட்டார். எல்லோருக்கும் மூடி மூடியாக ஊற்றினார்கள். கூடப் போன ஒரு பையன் திரும்பும்போது காலில் அடிபட்டு அங்கேயே கிடந்தான். அவனைத் தூக்கிவர மறுபடி போனார். பையன் வந்து சேர்ந்தான். இவர் வரவில்லை.

பெரியத்தான் தலையைக் குனிந்துகொண்டார். கதவுக்குப் பின்னால் நான் உட்கார்ந்துவிட்டேன். கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வர ஓர் ஆள் வேண்டாமா என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுப் பதிலாகத் தெரிந்தது.

அத்தை மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

“அந்தத் தண்ணிக் குடை விரிஞ்சுதா?” என்று கேட்டாள்.

“விரிஞ்சுது அம்மே. பெருசா, வெள்ளையா. ஸார் அதப் பார்த்துச் சிரிச்சாரு. எங்க அம்மா பார்த்து வாங்கி அனுப்பின குடைடா, அதுதான் நேரா வருதுன்னு சொன்னாரு. சுரண்டைக் குடைக் கதை எங்க எல்லாருக்கும் தெரியும். அந்த வெள்ளம் குடிச்சுத்தான் ஞான் இங்கே நிக்கேன்.”

அத்தை முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டு, அவருக்கு இலை போடச் சொன்னாள். போட்டேன். அவர் சாப்பிட்டு எழுந்ததும், தனக்கும் போடச் சொன்னாள். ரசம் விட்டுப் பிசைந்து, சப்புக்கொட்டாமல், பேசாமல், நிறையவே சாப்பிட்டாள். உப்புக் குறைவு என்றும் சொன்னாள். அன்றைக்கு எனக்கு அது திட்டாகவே படவில்லை.

வந்தவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஸார் சொன்ன அருவியைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும். பெரியத்தான் வண்டி கட்டிக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து எங்களிடம் அவர் சொன்னது: கால் நிற்காத மனிதனை இடுப்பைப் பிடித்துக்கொண்டு அருவிக்குள் நிறுத்தினேன், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றவன் வெளியே வரமாட்டேன் என்கிறான், சின்னவன் சொன்னது குறைவுதான் என்கிறான். பெரியத்தான் முழுதாக நனைந்திருந்தார். குடையும் எடுத்துப் போகவில்லை. அவர் துண்டைத் தேடாமல் அடுக்களை வாசலில் வந்து நின்றபோது நானும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

இருந்தாலும் என் விஷயத்தில் அவர் மாறவில்லை. புனலூர்க்காரர் ரயிலேறினபின் இன்னொரு முறை கேட்டுப் பார்த்தேன். வருஷம் திரும்பட்டும் என்றார்.

பதினாறாம் நாளைக்கு முந்தின நாள் எனக்குச் செய்ததையெல்லாம் எழுத எனக்கு இஷ்டம் இல்லை. எல்லா வீட்டிலும் செய்ததைத்தான் செய்தார்கள். எனக்கு அதில் அன்றைக்கும் சம்மதம் இல்லை, இன்றைக்கும் சம்மதம் இல்லை என்று மட்டும் எழுதி வைக்கிறேன்.

காரியம் குற்றாலத்து ஆற்றங்கரையில் நடந்தது. கொஞ்சம் தள்ளி அருவிச் சத்தம். சாரல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. எங்கள் வழக்கத்தில் பதினாறாம் நாள், இறந்தவர் பேரைச் சொல்லி ஐயருக்குத் தானம் கொடுக்கவேண்டும். செம்பு, வேட்டி, விசிறி, செருப்பு, குடை. போகிற வழி வெயிலும் மழையுமாக இருக்கும், அவர் கையில் இதெல்லாம் போய்ச் சேரும் என்று நம்பிக்கை. எல்லாம் கிடைத்தது, குடைதான் கிடைக்கவில்லை. சண்டைக் காலம், மண்ணெண்ணெய்க்கே வரிசையில் நிற்கிறோம், புதுக் குடைக்கு எங்கே போவது? தென்காசிக் கடைத்தெரு முழுக்கத் தேடிவிட்டுப் பெரியத்தான் என் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் இருந்த குடையை எடுத்து வந்திருந்தார். அது புதுசு, யாரும் பிடிக்காதது. அவருக்காகவே வாங்கினது. யோசித்துப் பார்த்தால் அதைவிடப் பொருத்தம் இல்லைதான். ஆனாலும் துணியைப் பிரித்து அதைச் செம்புக்குப் பக்கத்தில் வைத்தபோது எனக்கு மனசு ஒப்பவில்லை. ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக என்று நான் வைத்திருந்த குடை அது. அதுவும் போய்விட்டால் எனக்குப் போக ஸ்டேஷனும் இல்லை, எடுத்துப்போகக் குடையும் இல்லை.

ஐயர் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். செம்பு, வேட்டி, விசிறி, செருப்பு. குடைக்குக் கை நீட்டினார். தலையெல்லாம் ஈரமாக இருந்த மனுஷன், கொஞ்சம் ஆசையாகவே நீட்டினார். பெரியத்தான் எடுப்பதற்குள் அத்தை குனிந்து எடுத்துக்கொண்டாள்.

“அவன் எந்தக் காலத்துல குடை பிடிச்சான், இப்பப் பிடிக்கப் போறான்?” என்றாள்.

பெரியத்தான் தாழ்ந்த குரலில், போகிற வழிக்கு வேண்டும், சும்மா இரு என்றார்.

“போற வழி இவளுக்குல்லா இருக்கு. பாளையங்கோட்டை வரைக்கும் போவணும். உங்க அப்பா போனப்ப, ஒரு வருசம் பின்கட்டு அறையில உக்காந்து பாத்தவ நான். அந்த வருசம் சாரல் வந்துச்சா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாது. உக்காந்ததுல உங்க அப்பா திரும்பி வரல. இவ உக்காந்தா மட்டும் எம் மவன் வந்துருவானா?”

சொல்லிவிட்டுக் குடையை என் மடியில் வைத்தாள். சுற்றி இருந்த சொந்தக்காரர்கள் முகத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். ஐயர் நீட்டின கையை மடக்கத் தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் பெரியத்தானைப் பார்த்தார்கள். அவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மழையோடு மழையாகக் கடைகள் இருக்கிற பக்கம் போனார். பழக்கடைக்காரர் ஒருவர் வைத்திருந்த ஓலைக் குடையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து ஐயர் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே, பள்ளிக்கூடம் என்றைக்குத் திறக்கிறது என்று கேட்டார்.

நான் சொன்னேன்.

பிறகு நான் படித்ததும், தென்காசியிலும் சுரண்டையிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் பெரிய கதை. இங்கே அது வேண்டாம். சுரண்டையில் வேலை பார்த்த நாளில் அந்தக் குடைக்கடைக்காரரைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கால் அன்றைக்கு மடங்கினதில் இருந்து குளிர் நாளில் வலிக்கிறது என்றார். சொல்லும்போது அவருக்கு அதில் பெருமைதான். அந்தக் குடைக்கு எத்தனையோ தடவை துணி மாற்றியாயிற்று, கம்பி மட்டும் அதேதான். சீசன் நாளில் நான் அதைப் பிடித்துக்கொண்டு போவேன், பின்னால் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குடை இல்லாமல் வேண்டுமென்றே நனைந்துகொண்டு வருவார்கள். நான் திட்டியதே இல்லை.

பாளையங்கோட்டைக்குப் புறப்பட்ட அன்றைக்கு அத்தையும் பெரியத்தானும் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். டிரங்குப் பெட்டியைப் பெரியத்தான் தன் கையாலேயே ஏற்றி வைத்தார். நான் குடையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் தான் வருகிற அன்றைக்கு இதை எடுத்துக்கொண்டு வரச் சொன்ன அதே பிளாட்பாரம். கண்ணில் நீர் முட்டியது. ஆனால் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அவர் இருந்திருந்தால் முதலில் கைதட்டியிருப்பார்.

வண்டி ஊதிற்று. அத்தை பக்கத்தில் வந்தாள். புத்திமதி ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

“ஏட்டி, ஒருக்கா விரிச்சுக் காட்டு” என்றாள்.

விரித்தேன். ஒரே வீச்சில் விரிந்தது. அத்தை கம்பி ஒவ்வொன்றையும் நிமிர்ந்து பார்த்தாள்.

“சரி, மடக்கி வச்சுக்கோ. ரயிலுக்குள்ளயா மழ பெய்யப் போவுது?” என்றாள்.